ஒன்பதாவது பாட்டு அம்மாவுடையது அல்ல

பெரியவளே, சின்னவளே, நம் வீட்டு டிவிக்குக் கீழே இருக்கிற சீடியில் ஒன்பதாவது பாட்டைப் பாடுவது உங்கள் அம்மா இல்லை.

முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துக்கொண்டு போனால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும். அட்டையில் இருப்பது அம்மாவின் படம். பாட்டும் அம்மா பாடிய பாட்டுதான். குரல் மட்டும் வேறு ஒரு பிள்ளையுடையது. இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் பேச்சை நான் மீறுகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். அதனால் வாயால் சொல்லவில்லை, சின்னவளின் பழைய கொப்பியில் மிச்சம் இருந்த தாள்களில் எழுதி வைக்கிறேன். எப்போது உங்கள் கையில் கிடைக்கிறதோ அப்போது படியுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால், 'சிறந்த பாடல்கள்' என்று அட்டை போட்டு வருகிற எதைப் பார்த்தாலும் எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் அதை வைத்து என்னைக் கேலி செய்கிறீர்கள். போன தீபாவளிக்கு மாமா பென் டிரைவில் ஐந்நூறு பாட்டு என்று கொண்டுவந்தபோது, "ஐயோ மாமா, அப்பாகிட்ட காட்டாதீங்க, ஏச ஆரம்பிச்சிருவாரு" என்று சின்னவள் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. ஏசினேன்தான். பல பாட்டு இரண்டு தடவை இருந்தது. சிலது பல்லவியோடு நின்றுபோனது. ஒரு தாலாட்டுக்கு எவனோ டிரம் அடித்து வைத்திருந்தான். எந்தக் குழந்தை தூங்கும் அதில்?

எனக்கு அப்போது பதினெட்டு வயது. எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் இருந்தோம். நான் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியாமல் மாத்தளைக்கு இறங்கி, இப்போது இருக்கிற இதே வாசனைச் சரக்கு ஸ்டோரில் சேர்ந்தேன். மிளகு புடைப்பது, கராம்பில் காம்பு பொறுக்குவது, சாதிக்காய் உடைப்பது. முதல் சம்பளத்தில் ஒரு கெசட் வாங்கினேன். அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ரேடியோ கெசட் பெட்டி வீட்டில் இருந்தது. ஆறு பெரிய பேட்டரி போட்டால் கரண்ட் இல்லாமலும் பாடும். ஆனால் போட்டுக் கேட்க எங்களிடம் சொந்தமாக ஒரு நல்ல கெசட் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு முஸ்லிம் நானா கெசட் கடை வைத்திருந்தார். அங்கேதான் வாங்கினேன். அட்டை முழுக்க எனக்குப் பிடித்த பாடகரின் முகம். கீழே 'சிறந்த பதினாறு' என்று தங்க நிற எழுத்து. பஸ்ஸில் மேலே வரும் வரைக்கும் அதைச் சட்டைப் பையில் வைக்கக்கூட மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

வீட்டில் எல்லோரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அழுத்தினேன். குரல் அவருடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மீன் குழம்பு என்று சொல்லிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றின மாதிரி. அண்ணன்தான் முதலில் சிரித்தான்.

"என்னாடா இது, ஆளு சளி புடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில இருந்து பாடுனாரா?"

மூன்றாவது பாட்டு பாதியில் அறுந்து நாலாவது பாட்டு ஆரம்பித்தபோது என் அம்மாவைப் பெற்ற அம்மாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன்.

"நானா, இதுல பாடுறது அவர் இல்ல."

"அட்டைய நல்லாப் பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்துத்தான வாங்குனேன். அவரு படம்தான போட்டிருக்கு."

நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். எறும்பு மாதிரி எழுத்து. பாடல்கள் பிற பாடகர்களால் பாடப்பட்டவை.

"படம் அவர்ட. பாட்டும் அவர்ட. கொரல் மட்டும் வேற ஆள்ட. இதுல பொய் ஒண்டும் இல்லயே தம்பி."

"அப்ப படத்த எதுக்கு நானா போட்டாங்க?"

"படம் இல்லாட்டி நீங்க வாங்குவீங்களா?"

நான் அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "கெசட்டு நல்ல கெசட்டு. மேல்பக்க மூலையில ரெண்டு ஓட்ட இருக்கு பாருங்க, அதுக்கு மேல செலோடேப் ஒட்டுனா, உங்களுக்கு விருப்பமான பாட்ட அதுலயே ரெக்கோட் பிடிச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு தடவை ஏமாந்தவன் அதோடு விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. வேறு பாடகர், வேறு அட்டை, வேறு 'சிறந்த'. நம்மைப் போல ஆட்கள் ஒரு பாடகரின் எல்லாக் கெசட்டையும் வாங்க முடியாது. அதனால் நல்லதை எல்லாம் நானே பொறுக்கித் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் நம்பிவிடுகிறோம். நானும் பொறுக்குகிற வேலை செய்கிறவன்தான். முதல் தரம் என்று சாக்கில் எழுதினால் உள்ளே முதல் தரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி எல்லோர் முன்னாலும் ஏசுவார். பாட்டுப் பொறுக்குகிறவனை யார் ஏசுகிறார்கள்? எனக்கு உயிரான பாட்டு எதிலுமே இருக்காது. இருந்தால் இரண்டாவது சரணம் இருக்காது. ஒரு பாட்டு முடிகிற மூச்சிலேயே அடுத்த பாட்டின் முதல் சொல் நம் வாயில் வந்து நிற்கும், பழைய பழக்கம். அங்கே வேறு எதுவோ வரும். இருட்டுப் படிக்கட்டில் ஒரு படி இல்லாமல் கால் கீழே போகிற மாதிரி இருக்கும் எனக்கு.

இப்போது அம்மாவிடம் வருகிறேன்.

எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில் ஒரு வாத்தியார் இசைக்குழு நடத்தினார். கீபோர்டு, தபேலா, டிரம், இரண்டு ஆண் பாடகர்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் உங்கள் அம்மா. பகலில் கொழுந்து எடுப்பாள், திருவிழா வந்தால் பாடுவாள். மற்ற எல்லாம் சினிமாப் பாட்டு. ஒன்று மட்டும் வாத்தியார் தானே கட்டியது. கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்குகிற பெண்களில் தன் தாய் யார் என்று, தூரத்து மஞ்சள் சேலையை வைத்துத் தேடுகிற ஒரு பிள்ளையின் பாட்டு. மூன்று சரணம். அதை அம்மாதான் பாடுவாள்.

அந்த வருஷத் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு முடிந்த பின்னேரம், தோட்டத்து லொறியின் பின்பலகையை இறக்கி மேடை போட்டிருந்தார்கள். நான் முன்வரிசையில் கெசட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிடித்துக்கொள்ள வேறு கெசட் இல்லை. அந்த 'சிறந்த பதினாறு'தான் இருந்தது. அது அழிந்தால் யாருக்கு நட்டம்? ஓட்டைக்குச் செலோடேப் ஒட்டி, இரண்டாம் பக்கத்தில் பிடித்தேன்.

அம்மா அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்துக்கு வந்தபோது மழை கொட்டியது. ஷாக் அடிக்கும் என்று பயந்து வாத்தியார் கரண்டை நிறுத்தச் சொன்னார். கீபோர்டு நின்றது. மைக் செத்தது. சனம் எழுந்து தேயிலைத் தொழிற்சாலைத் தாழ்வாரத்துக்கு ஓடியது. அம்மா நிறுத்தவில்லை. லொறிக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே, கையில் செத்த மைக்கை வைத்துக்கொண்டு, வெறும் தொண்டையில் பாடினாள். ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து மழையில் நின்றார்கள். என் பெட்டியின் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு நான் அசையாமல் இருந்தேன். பேட்டரியில் ஓடுகிறது என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று சரணமும் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு கங்காணி கத்தினார்: "ஏ புள்ள, இன்னொரு தரம் பாடு! மழ நிக்காட்டியும் பரவால்ல, நனைஞ்சது நனைஞ்சாச்சு!"

கலைந்து போகும்போது அம்மா என்னிடம் வந்தாள். "அண்ணே, இதுல புடிச்சீங்களா?" என்றாள். சிரிக்காதீர்கள், அன்றைக்கு நான் அண்ணன்தான். போட்டுக் காட்டினேன். படங்கின் மேல் மழை விழுகிற சத்தம், எங்கேயோ ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தம், அதற்கு நடுவே அவள் குரல்.

"யாரு இது நடுவுல இருமுறது? பாட்டக் கெடுத்துப்புட்டான்."

"நான்தான்" என்றேன்.

அந்தக் கெசட்டின் அட்டையை நான் மாற்றவில்லை. மேலே அந்தப் பாடகரின் முகமும் தங்க எழுத்தும் அப்படியே இருந்தன. பொய் அட்டைக்கு உள்ளே ஒரு நிஜக் குரல் இருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு பெருமை. பேனா எடுத்து ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை.

இரண்டு வருஷத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு அம்மா குழுவுக்குப் போகவில்லை. நான் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அம்மாவின் அக்கா, உங்கள் பெரியம்மா, அப்போது சவுதியில் வீட்டு வேலையில் இருந்தார். அவருக்குக் கடிதம் வாசிக்க வராது. போன் எடுக்க அந்த வீட்டில் விடமாட்டார்கள். அதனால் நாங்கள் கெசட்டில் பேசி அனுப்புவோம். எங்கள் பக்கம் அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாராவது அந்த ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்து விடுவோம். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, அதே கெசட்டில் எங்கள் பேச்சுக்கு மேலேயே தன் பதிலைப் பேசி, வருகிறவர்களிடம் திருப்பிக் கொடுத்து விடுவார். ஒரே கெசட் போய் வந்துகொண்டிருக்கும்.

அப்படிப் போய் வந்த கெசட் ஒரு நாள் பெட்டியில் சிக்கி, நாடா நூல் நூலாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, மாத்தளைக்கு அந்தப் பக்கம் நாலந்தாவிலிருந்து ஒரு பெண் பெரியம்மா இருக்கிற அதே ஊருக்கு மறுநாள் காலையில் கிளம்புகிறாள் என்று சேதி வந்தது. வெற்றுக் கெசட் வாங்க மாத்தளைக்குப் போய் வர நேரமில்லை.

"பழசு ஏதாச்சும் இருந்தா எடுங்களேன்" என்றாள் அம்மா.

கெசட்டுகள் போட்டு வைக்கிற கூடையைக் கிளறினேன். பக்திப் பாட்டு, அது அம்மாயிக்கு வேண்டும். படப் பாட்டு, அது அண்ணனுக்கு வேண்டும். அப்போது அந்த முகம் கண்ணில் பட்டது. 'சிறந்த பதினாறு'. இத்தனை வருஷம் கழித்தும் கோபம் பொங்கியது. "இந்தா, இது ஒண்ணுதான் அழிஞ்சா நல்லது" என்று எடுத்துக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு நினைவே வரவில்லை. அட்டையைப் பார்த்தேன், அட்டையை நம்பினேன். அவ்வளவுதான் நடந்தது.

முதல் பக்கத்தில் அம்மாயி பேசினார், அண்ணன் பேசினான், அடுத்த காம்பராக்காரர்களும் வந்து நலம் விசாரித்தார்கள். பக்கம் முடிந்தது. நான்தான் கெசட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் அம்மா பேசினாள். வெகுநேரம் பேசினாள். பெரியவளே, நீ வயிற்றில் இருக்கிறாய் என்று அவள் அக்காவிடம் முதன்முதலாகச் சொன்னது அந்தக் கெசட்டில்தான். வெட்கப்பட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வாந்தி வருகிறது, புளி பிடிக்கிறது என்று சொல்லிச் சொல்லி, தன் பாட்டின் மேலே தானே பேசினாள். முறுக்கு டின்னுக்குள் வைத்துத் துணி சுற்றித் தைத்துக் கொடுத்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து அதே கெசட்டில் பதில் வந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். பெரியம்மா சந்தோஷப்பட்டு அழுதார். பிறகு சொன்னார்:

"தங்கச்சி, நீ பேசி முடிச்சப்பறம் கடேசியா ஒரு துண்டு வந்துச்சு. மழச் சத்தத்தோட நீ பாடுறது. ரெண்டு வரிதான். எனக்காகத்தான் பாடி வச்சியா? நாலஞ்சு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன்டி."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கெசட் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா அங்கத்து வெயிலைச் சொன்னார், அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சொன்னார். பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டேன். அந்த இரண்டு வரியாவது மிஞ்சியிருக்காதா என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். பெரியம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. யாரிடமும் பேசக் கிடைக்காத மனுஷி. நாடா தீர்ந்து பெட்டி 'டக்'கென்று நிற்கும் வரைக்கும் பேசினார்.

"அக்கா நல்லாத்தான் இருக்கா போல" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போனாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொரு தரம் பாடு, புதுக் கெசட்டுல புடிச்சு வச்சுக்கிருவோம்" என்று நான் கேட்டேன். "பாப்பம்" என்றாள். பிறகு பெரியவள் பிறந்தாள். பிறகு வீடு மாறினோம். இன்றைக்கு முடியாது, நாளைக்கு, தீபாவளி முடியட்டும் என்று மூன்று வருஷம் போனது. பெரியவளே, அந்த மூன்று வருஷமும் உன்னைத் தூங்க வைக்க அவள் அந்தப் பாட்டைத்தான் பாடினாள். உனக்குத்தான் நினைவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் கழுத்தில் கழலை வந்து கண்டியில் ஆபரேஷன் செய்தார்கள். குரல் நரம்புக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது, குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். யார் மேலும் குறை இல்லை. உயிர் பெரிது. அம்மா வீட்டுக்கு வந்து, "தண்ணி குடுங்க" என்று கேட்டபோது, பெரியவள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். சின்னவளே, நீ அப்போது பிறக்கவில்லை. உனக்குத் தெரிந்தது இந்தக் கரகரப்பு மட்டும்தான் மகளே.

போன வருஷம் அந்த வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தார். குழுவின் நல்ல பாட்டுகளையெல்லாம் சேர்த்து ஒரு சீடி போடப் போவதாகச் சொன்னார்.

"தம்பி, அந்த மழப் பாட்டு உங்ககிட்ட இருக்குமே? நீங்கதான புடிச்சீங்க."

நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "அப்ப வேற ஒரு புள்ளையத்தான் பாட வைக்கணும். அந்தப் பாட்டு இல்லாம நம்ம குழுவுக்கு என்ன இருக்கு?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கெட்ட மனுஷன் இல்லை அவர். பாடுகிற பிள்ளையின் பேரை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னேன். பார்ப்போம் என்றார்.

மூன்று மாதத்தில் சீடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நீங்களும் இருந்தீர்கள். அட்டையின் நடுவே அம்மா. கையில் மைக், மஞ்சள் சேலை. மேலே 'எங்கள் குழுவின் சிறந்த பாடல்கள்'. அந்தப் பிள்ளையின் பேர் பின்பக்கத்தில், 'நன்றி' என்று போட்ட கூட்டத்துக்குள்ளே இருந்தது. நான் வாத்தியாரை வாசல் பக்கம் கூப்பிட்டேன்.

"என்னாங்க வாத்தியாரே, படத்துல இவ, பாட்டுல வேற புள்ளையா?"

"சனங்க இந்த மூஞ்சியத்தான தம்பி தேடுறாங்க. நாங்க மரியாதையாத்தான் போட்டோம்."

நாங்கள் திரும்பி உள்ளே வருவதற்குள் சின்னவள் பாட்டைப் போட்டுவிட்டாள். நல்ல ஸ்டூடியோ. புல்லாங்குழல் எல்லாம் சேர்த்திருந்தார்கள். அந்தப் பிள்ளையும் நன்றாகத்தான் பாடியிருந்தது, கழுவித் துடைத்து அடுக்கிய கோப்பை மாதிரி. மூன்றாம் சரணத்தை வெட்டிவிட்டார்கள். சீடியில் இடம் போதவில்லையாம்.

"அம்மா, இது நீங்களா? நெசமாவே நீங்களா பாடுறீங்க?" என்று சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அம்மா அட்டையைப் பார்த்தாள். பிறகு, "ம்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். வாத்தியார் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்க்காமலே, "வாத்தியாரே, சீனி காணுமா, இன்னும் போடவா?" என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். சின்னவள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள். பெரியவளே, நீ அதைப் போனில் ரிங்டோனாகப் போட்டாய். "அம்மா இவ்வளவு நல்லா பாடுவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையேப்பா" என்று என்னிடம் கோபித்துக்கொண்டாய். அந்த ரிங்டோன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வெளியே போவேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

ஒரு நாள் காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைங்ககிட்ட சொல்லிறலாம். இது சரியில்ல."

"விடுங்க."

"பொய்தான இது?"

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "போன தவணையில பள்ளிக்கூட மீட்டிங்குக்கு அப்பா வரட்டும், அம்மா வேணாம்னு சின்னவ சொன்னாளே, நெனவிருக்கா? ஏன்னு நீங்க கேக்கல. நான் கேட்டேன். 'நீங்க பேசுனா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்கம்மா'ன்னா. பச்சப் புள்ள, உள்ளதத்தான் சொன்னா. இப்பப் பாருங்க, எங்கம்மா பாட்டுக்காரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. இருந்துட்டுப் போகட்டுமே."

"ஆனா அது நீ இல்லையே புள்ள."

"நான் எப்புடிப் பாடுனேன்னு எனக்கே மறந்து போச்சுங்க." கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு நெனவிருக்கா?"

"இருக்கு" என்றேன்.

மக்களே, அது பொய். ஸ்டோரில் சாக்குக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். லொறி வருகிறது, படங்கு வருகிறது, மழை வருகிறது, அவள் வாய் அசைகிறது. கேட்கிறது என்னவோ அந்தச் சீடிப் பிள்ளையின் குரல். எவ்வளவு முயன்றாலும் அதுதான். புல்லாங்குழலோடு சேர்ந்து வருகிறது. ஒரு தடவை நான் அழித்தேன். மிச்சம் என் மண்டைக்குள் இருந்ததையும் இந்தச் சீடி அழித்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சின்னவளே, உன்னைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மீட்டிங் விஷயத்தை நீ மறந்தே போயிருப்பாய். ஆனால் நாங்கள் இல்லாத காலத்தில் நீ உன் பிள்ளைகளுக்கு அந்த ஒன்பதாவது பாட்டைப் போட்டு, இதுதான் உங்கள் அம்மாயி என்று சொல்வாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் பாடுகிற குரல் இனி எங்கேயும் இல்லை. இல்லாததை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் இடத்தில் வேறு ஒன்றை வைக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். நான் முன்னறையில் தனியாக இருந்தேன். பாண் ரொட்டி விற்கிற த்ரீவீல் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தது. அம்மா ரோட்டோரத்துக்கு ஓடி, "பாண்காரத் தம்பி, நில்லுங்க" என்றாள். அந்தச் சத்தத்தில் அவள் குரல் அவனுக்குக் கேட்கவில்லை, வண்டி தாண்டிப் போனது. கையைத் தட்டினாள். தள்ளிப் போய் நின்றது. அம்மா போய் அவனோடு என்னவோ வழக்குப் பேசினாள், நேற்றுக் கொடுத்த பாண் கல்லாக இருந்தது என்று போல.

நான் போனை எடுத்து, சத்தம் பிடிக்கிற அந்தச் சிவப்புப் புள்ளியை அழுத்தி, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் திரும்பி வருவதற்குள் நிறுத்திவிட்டேன்.

பிறகு காதில் வைத்துக் கேட்டேன். பாதிக்கு மேல் பாண் வண்டியின் பாட்டுதான். அம்மாவின் பேச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாக, கரகரவென்று, ஒரு சொல்கூட முழுதாக விளங்கவில்லை. என்ன பேர் வைக்க என்று போன் கேட்டது. அம்மா பேசுவது, பாண் வண்டி, ஞாயிறு காலை என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து வைத்தேன். அழிக்கவில்லை.